310 பேப்பரும் 34 பேப்பரும்

ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். மகள் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டார். புற்றுநோய் மருந்து ஆராய்ச்சியில் பிஎச்.டி. சேர பெங்களூரிலேயே இரண்டு இடங்களில் வாய்ப்பு வந்திருக்கிறது. முதல் பேராசிரியருக்கு 310 ஆய்வுக் கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 58. ‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலிலும் பெயர் உண்டு. இரண்டாமவருக்கு 34 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 17. “இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறார் என் மைத்துனர். மகளோ இரண்டாமவரிடம்தான் சேருவேன் என்கிறாள். இந்த எண்களை எப்படிப் படிப்பது?” என்பது கேள்வி.

ஐயா, நான் உங்கள் மகள் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் 34 என்ற எண்ணுக்காக இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கம்பெனியில் இருபது வருடம் எனக்கு இதுதான் வேலை. வேதியியல் ஆட்கள் ஒரு புரதத்தின் பெயரைச் சொல்வார்கள். அதைப் பற்றி உலகத்தில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், எதை நம்பலாம், எதற்குக் காப்புரிமை இருக்கிறது என்று தேடித் தொகுத்துக் கொடுக்க வேண்டும். நான் பிப்பெட் பிடித்ததில்லை. அடுத்தவர் பேப்பரைப் படித்தே வயிறு வளர்த்தவன்.

முதலில் அந்த எச்-இன்டெக்ஸ். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு அது. ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை சுட்டிக்காட்டினால் அது ஒரு மேற்கோள். ஒருவரின் கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றதிலிருந்து கீழ்நோக்கி அடுக்குங்கள். 17 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 17 மேற்கோள் பெற்றிருந்து, 18 கட்டுரைக்கு 18 மேற்கோள் என்று கேட்டால் தேறாவிட்டால், அவருடைய எண் 17. அவ்வளவுதான். இந்த எண் ஏறும், இறங்காது. லேப்பைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் விட்டாலும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே வயதைச் சொல்லாமல் 58-ஐயும் 17-ஐயும் பக்கத்தில் வைப்பது, தாத்தாவின் சேமிப்பையும் பேரனின் சேமிப்பையும் ஒப்பிடுவது மாதிரி. வேலை பார்த்த வருடங்களால் வகுத்துப் பார்க்கலாம் என்று ஹிர்ஷே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். முதலாமவர் தன் முதல் கட்டுரையை எந்த வருடம் வெளியிட்டார், இரண்டாமவர் எந்த வருடம் சொந்த லேப் தொடங்கினார் என்று பார்த்தீர்களா? கேள்வியில் அது இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவர் வாழ்நாளில் மூன்றே கட்டுரை எழுதி, அதில் ஒன்று ஐயாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருடைய எச்-இன்டெக்ஸ் மூன்றைத் தாண்டாது. ஊரையே புரட்டிப்போட்ட ஒற்றைக் கட்டுரையைக் கண்டுகொள்ளாத கணக்கு இது.

அப்புறம் மேற்கோள். நம் ஊரில் மொய் நோட்டு தெரியும்தானே? யார் எவ்வளவு எழுதினார்கள் என்பதைக் காட்டும். ஏன் எழுதினார்கள் என்பதைக் காட்டாது. பாசத்தில் எழுதியவர் இருப்பார், போன வருடம் வாங்கியதைத் திருப்பியவர் இருப்பார், எல்லோரும் எழுதுகிறார்களே என்று எழுதியவரும் இருப்பார். சைட்டேஷனும் அப்படித்தான். தன் பழைய கட்டுரைகளைத் தானே காட்டிக்கொள்வது, தன் வீட்டுக் கல்யாணத்தில் தானே மொய் எழுதுவது. ஓரளவு நியாயம்தான், ஒரே வேலையைத் தொடர்ந்து செய்பவர் முந்தையதைச் சொல்லத்தான் வேண்டும். நாலைந்து லேப்கள் மாறி மாறி எழுதிக்கொள்வதும் நடக்கிறது.

அந்த 2 சதவீதப் பட்டியலை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து கணக்கிட்டு வெளியிடும் அட்டவணை அது. விருது இல்லை, யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. வாழ்நாள் கணக்கு ஒன்று, ஒரே வருடக் கணக்கு ஒன்று என்று இரண்டு வரும். பத்திரிகைச் செய்தியில் எது என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த எக்செல் கோப்பை இறக்கிப் பார்த்தால் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. சுயமேற்கோள் எத்தனை சதவீதம் என்று தனி நெடுவரிசையே வைத்திருக்கிறார்கள். அண்மைப் பதிப்புகளில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையும் உண்டு. பெருமைக்காகக் காட்டும் பட்டியலிலேயே குறுக்குவிசாரணைக்கான விஷயமும் இருக்கிறது. முதலாமவரின் வரிசையைத் தேடிப் பாருங்கள்.

இப்போது கட்டுரைகளின் வகை. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரை எது தெரியுமா? புற்றுநோயைக் குணப்படுத்தியது இல்லை. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்லும் 1951-ஆம் வருட லௌரி கட்டுரை. 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். சமையல் குறிப்பு மாதிரி, செய்தவர் எல்லோரும் பெயரைப் போட்டாக வேண்டும். புற்றுநோய் பக்கம் வந்தால் ‘சிஏ’ என்று ஒரு அமெரிக்க இதழ். அதன் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு கட்டுரைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், 200-க்கும் மேலே போய் நிற்கிறது. காரணம், புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகள் அதில்தான் வருகின்றன. “உலகில் ஆண்டுதோறும் இத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது” என்று தொடங்காத கட்டுரை அபூர்வம் என்பதால், ஆளாளுக்கு முதல் வரியிலேயே அதைக் காட்டிவிடுகிறார்கள். அடுத்தவர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகளும் அப்படித்தான். ஹனாஹனும் வைன்பெர்க்கும் 2000-இல் புற்றுநோயின் அடையாளங்கள் இவை இவை என்று தொகுத்து எழுதியது பொன்னான ரிவ்யூ, அது வேறு. ஆனால் கைக்கு வந்ததையெல்லாம் தொகுத்து வருடத்துக்கு ஆறு ரிவ்யூ போட்டாலும் எச்-இன்டெக்ஸ் நன்றாகவே ஏறும். லேப்பில் ஒரு சோதனைக்குழாய்கூட நனைந்திருக்க வேண்டியதில்லை. 310-இல் ரிவ்யூ எத்தனை? பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் அவர் பெயரைப் போட்டு ‘ரிவ்யூ’ என்று வடிகட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மிச்சத்தில், செல்லைத் தட்டில் வைத்துக் கொன்ற கட்டுரைகள் எத்தனை என்று பாருங்கள். நம் நாட்டில் இது ஒரு பெரிய தொழிற்சாலை. ஏதோ ஒரு இலையை எடுத்துச் சாறு இறக்குவது, எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களின் மேல் ஊற்றுவது, எம்டிடி என்ற சாயத்தைப் போட்டு எத்தனை செத்தது என்று எண்ணுவது, ‘புற்றுநோய்க்கு எதிரான ஆற்றல்’ என்று தலைப்பு வைப்பது. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய வித்தை இல்லை. உப்பு கொஞ்சம் கூடினாலே செத்துவிடும். நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொல்கிறதா, எவ்வளவு குறைந்த அளவில் கொல்கிறது, எந்தப் புரதத்தைப் பிடித்துக் கொல்கிறது, சுண்டெலியில் என்ன ஆயிற்று, எலியின் ரத்தத்தில் அது எத்தனை மணி நேரம் தங்குகிறது? இந்தக் கேள்விகளில் ஒன்றிரண்டுக்காவது பதில் தேடியிருந்தால் அது மருந்து ஆராய்ச்சி. தேடாவிட்டால் எண்ணிக்கை.

இன்னொரு சின்னக் கணக்கு. 310 கட்டுரை, முப்பது வருடம் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து வாரத்துக்கு ஒன்று. ஒரு எலிச் சோதனையை ஒழுங்காகச் செய்து முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். பெரிய குழு என்றால் முடியாதது இல்லை. ஆனால் எத்தனையில் அவர் பெயர் கடைசியாக இருக்கிறது என்று பாருங்கள். உயிரியலில் வழக்கம் இதுதான்: முதல் பெயர் வேலை செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் லேப் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களில் உழைத்தவர்களும் உண்டு, எந்திரத்தை இரவல் கொடுத்தவர்களும் உண்டு.

சரி, எண்ணிக்கையை விட்டுவிட்டால் ஒரு ஆராய்ச்சியாளரின் தாக்கம் என்று எதைச் சொல்வது? இரண்டு கதை சொல்கிறேன்.

ஒன்று, எல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திரப் பக்கத்து மனிதர், ஆனால் படிப்பு நம் சென்னையில்: திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. பிறகு ஹார்வர்டு. அங்கே 1925-இல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து பாஸ்பரஸ் அளக்கும் முறையை வெளியிட்டார். மேலே சொன்ன லௌரி மாதிரி, பல பத்தாண்டுகள் ஓடிய மேற்கோள் குதிரை அது. பிறகு லெடர்லி கம்பெனிக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருந்து, செல்லை ஏமாற்றும் மூலக்கூறுகளை அவருடைய குழு செய்தது. அதில் ஒன்றான அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று 1948 ஜூனில் வந்த அந்தக் கட்டுரை கீமோதெரபி வரலாற்றில் ஒரு மைல்கல். அதில் ஃபார்பரோடு இன்னும் நான்கு பேர் பெயர் இருக்கிறது. சுப்பாராவ் பெயர் இல்லை. அதே வருடம் ஆகஸ்டில் அவர் இறந்தும் போனார். இன்றைக்கு அவருக்கு மேற்கோள் கணக்குக் காட்டும் ஒரு கூகுள் ஸ்காலர் பக்கம் திறந்தால் பாஸ்பரஸ் அளந்தது மேலே நிற்கும். குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் வழியைத் திறந்த வேலை அவர் கணக்கில் ஏறவே ஏறாது. அந்தக் குடும்பத்தின் இன்னொரு பிள்ளையான மெத்தோட்ரெக்சேட் இன்றும் மருந்துக் கடையில் கிடைக்கிறது.

அந்த மெத்தோட்ரெக்சேட் 2023-இல் மும்பையில் மறுபடி தலைகாட்டியது. டாடா மெமோரியல் மருத்துவமனைக் குழு, முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட மூன்று மலிவான வாய்வழி மருந்துகளோடு, நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம், கொடுத்துப் பார்த்தது. ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் அந்த மருந்து சேராத குழுவில் 16.3 சதவீதம், சேர்ந்த குழுவில் 43.4 சதவீதம். 151 நோயாளிகள்தான். இந்த ஒரு கட்டுரைக்கு எச்-இன்டெக்ஸில் கிடைப்பது அதிகபட்சம் ஒரு புள்ளி. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் பிடித்து டெய்ரி சர்க்கிள் பக்கம் கித்வாய் ஆஸ்பத்திரிக்கு வந்து நிற்கும் ஒரு நோயாளியின் பக்கம் நின்று பாருங்கள். முழு அளவு வாங்க முடியாதவருக்கு இந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டுகிறது.

இரண்டாவது கதை இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து. இதைச் சங்கிலியாகப் பார்க்க வேண்டும். 1960-இல் பிலடெல்ஃபியாவில் நோவலும் ஹங்கர்ஃபோர்டும் ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். 1973-இல் ஜேனட் ரௌலி, அது 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது என்று காட்டினார். அந்த இட மாற்றத்தில் பிறக்கும் புரதத்தை அடக்கும் மூலக்கூறு பாசலில் சிபா-கெய்கி கம்பெனியில் உருவானது. பிரையன் ட்ரூக்கரும் நிக்கோலஸ் லைடனும் மற்றவர்களும் 1996-இல் அதை வெளியிட்டார்கள். 2001-இல் நோயாளிகளின் முடிவு வந்தது: 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. அதே வருடம் மே மாதம் அமெரிக்க அனுமதி. பிறகு 2013-இல் அதன் படிக வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன கதையும் உண்டு. அது தனியாக எழுத வேண்டியது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு கட்டுரையும் அடுத்ததைப் பிடித்து ஏறியிருக்கிறது. ‘மேற்கோள் காட்டினார்கள்’ என்பதற்கும் ‘அதன் மேல் கட்டினார்கள்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் கூட்டிக் கழித்தால் இந்த ஒன்றுதான் மிஞ்சும்.

கட்டினால்தான் அஸ்திவாரம் நிற்கிறதா என்று தெரியும். எங்கள் கம்பெனியில் ஒருமுறை நானே தேடிக் கொடுத்த ஒரு கட்டுரை. நல்ல இதழ், நூற்றுக்கணக்கில் மேற்கோள். எட்டு மாதம் மூன்று பேர் உழைத்தும் அதில் சொன்னது எங்கள் கையில் நடக்கவில்லை. என்மேல்தான் எல்லோருக்கும் கோபம். அப்புறம் 2012-இல் ‘நேச்சர்’ இதழில் பெக்லியும் எல்லிஸும் எழுதியதைப் படித்தபோது மனசு கொஞ்சம் ஆறியது. ஆம்ஜென் கம்பெனி 53 முக்கியமான புற்றுநோய்க் கட்டுரைகளைச் சரிபார்க்க முயன்றது, ஆறு மட்டும்தான் தேறியது என்றார்கள். 2021-இல் முடிந்த இன்னொரு பெரிய முயற்சி, 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகளைத் திரும்பச் செய்தது. விளைவின் அளவு, நடுமதிப்பில், முதலில் சொன்னதைவிட 85 சதவீதம் சிறியது. இதில் எல்லாமே மோசடி இல்லை. செல் மாறியிருக்கும், எலி மாறியிருக்கும், நன்றாக வந்த படத்தை மட்டும் போட்டிருப்பார்கள்.

மோசடி தனி. மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றி வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அந்த ஆராய்ச்சியில் உலக அளவில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவர்களில் ஒருவர் டெக்சாஸ் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் இருந்த பரத் அகர்வால். அவருடைய கட்டுரைகளில் 20-க்கும் மேற்பட்டவற்றை இதழ்கள் திரும்பப் பெற்றன. படங்களும் தரவும் நம்பத்தக்கவையாக இல்லை என்பது பிரச்சினை. 2017-இல் வேதியியலாளர்கள் சிலர் குர்குமினையே எடுத்து அலசி, அது உடலில் நிலைக்காத, சோதனைகளை ஏமாற்றும் மூலக்கூறு என்று எழுதினார்கள். அதனால் சாம்பாரில் மஞ்சள் போடாதீர்கள் என்று அர்த்தமில்லை! எண் பெரிதாக இருப்பது காவல் இல்லை என்பதற்குச் சொன்னேன். எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்து, 3.8 சதவீதத்தில் கோளாறு இருப்பதாக 2016-இல் வெளியிட்டார். வெளியான கட்டுரைகளைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பக்கூடிய பப்பியர் தளத்தில் இரண்டு பேராசிரியர்களின் பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு கேள்வி யாருக்கும் வரும். அதற்கு எப்படிப் பதில் சொன்னார் என்பதுதான் ஆளைக் காட்டும். மூலப் படத்தை எடுத்துப் போட்டவரிடம் தைரியமாகச் சேரலாம்.

மற்றொன்று, மருந்து ஆராய்ச்சியில் சில வேலைகள் பேப்பராகவே வராது, வந்தாலும் தாமதமாக வரும். முன்பே வெளியிட்டுவிட்டால் காப்புரிமைக்குப் புதுமை போய்விடும். இரண்டாமவருக்கு 34 என்பதன் பின்னால் இரண்டு மூன்று பேட்டன்ட் இருக்கிறதா என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். மருத்துவமனையோடு சேர்ந்து டிரையல் நடத்தியிருந்தால், நம் நாட்டு மருத்துவச் சோதனைகளுக்கான சிடிஆர்ஐ (CTRI) பதிவேட்டில் இருக்கும். 2009 ஜூனிலிருந்து அங்கே பதிவு கட்டாயம்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து, இரண்டு பேரிடமிருந்தும் கடந்த பத்து வருடத்தில் கடைசிப் பெயராக வந்த, ரிவ்யூ அல்லாத ஐந்து கட்டுரைகளை எடுங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவர்களில், அந்த லேப்புக்குத் தொடர்பில்லாத நாலைந்து பேர் எந்த வரியில் காட்டியிருக்கிறார்கள் என்று மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். முன்னுரையில் பத்தோடு பதினொன்றாக அடைப்புக்குறிக்குள்ளா, இல்லை ‘இவர்கள் காட்டியபடி நாங்கள் செய்தோம்’ என்று முறைப் பகுதியிலா? இரண்டாவது வகை மூன்று கிடைத்தாலே அந்த லேப் கனமானது. அதோடு, முதல் பெயராக வந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அவர்களிடமே போனில் கேட்கச் சொல்லுங்கள். முதலாமவரிடம் இந்தச் சோதனை நன்றாகத் தேறினால் என் சாய்வை மாற்றிக்கொள்கிறேன். 310-க்குள் உண்மையான முப்பது இருந்தாலும் இருக்கலாம்.

எங்கே சேர்ந்தாலும் ஒரு வேலையை முதல் மாதமே முடித்துவிடச் சொல்லுங்கள். நம் பெயர்ப் பிரச்சினை. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். இதழ்க்காரன் ‘சர்நேம்’ கேட்பான். ஒரு பேப்பரில் அப்பா பெயர் பின்னால் போகும், அடுத்ததில் இனிஷியலை விரிக்காமல் விடுவார்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேறொன்று வரும். தரவுத்தளத்தில் ஒரே பெண் மூன்று ஆளாகப் பிரிந்து கிடப்பார். ‘குமார் எஸ்’ என்று பப்மெட்டில் தேடினால் பாதித் தமிழ்நாடு வருகிறது. பெயரை ஒரே வடிவில் முடிவு செய்துகொண்டு, ஆராய்ச்சியாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) என்ற 16 இலக்க எண்ணை இலவசமாகப் பதிந்து, முதல் பேப்பரிலிருந்தே அதைப் போட வேண்டும். உங்கள் பெயரை இனிஷியலாக வைப்பதா, முழுசாகப் பின்னால் போடுவதா என்று நீங்களும் மகளும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.